இரங்கல் தீர்மானத்துக்கு அடுத்த பக்கம்

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தீர்மானப் புத்தகம், சிவப்புத் துணி அட்டை போட்ட பழைய கணக்கு நோட்டு. செயலாளர் பொறுப்பு கைமாறியபோது அது என்னிடம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினேன். தண்ணீர் வராத வாரங்கள், எரியாத தெருவிளக்கு, பாதாளச் சாக்கடை அடைப்பு, தெருநாய்த் தொல்லை, பொங்கல் விழா வரவு செலவு, பிள்ளையார் கோயில் சுற்றுச்சுவர். சாலையைப் பற்றி மொத்தமே மூன்று தீர்மானங்கள். மூன்றிலும் ஏறக்குறைய ஒரே வாசகம்: நம் தெரு மெயின் ரோட்டில் சேரும் இடத்தில் வேகத்தடை அமைக்கக் கோரி மனு அளிப்பது. மூன்றுக்கும் முந்தைய பக்கத்தைப் புரட்டினால் ஓர் இரங்கல் தீர்மானம் இருந்தது.

பால் வாங்கப் போன பெரியவர் ஒருவர். கல்லூரி விட்டு வந்துகொண்டிருந்த பையன் ஒருவன். தெருவில் பாதி வீடுகளுக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுத்த அக்கா ஒருவர். மூவரும் போனது ஒரே திருப்பத்தில். மூன்றாவது மனுவின் நகல் கோப்பில் இருந்தது. கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டைக் காணவில்லை. பழைய செயலாளரைக் கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "டைப் அடிச்சு, எல்லார்ட்டயும் கையெழுத்தும் வாங்கிட்டேண்ணே. மக கல்யாண வேலையில விட்டுப்போச்சு. அதுக்கப்புறம் யாரும் கேக்கவும் இல்ல."

யாரும் கேட்கவில்லை என்றால் அதில் நானும் உண்டு. நகலில் என் கையெழுத்து இருக்கிறது. போட்டுக் கொடுத்ததோடு என் கடமை முடிந்தது என்று வீட்டுக்குள் போனவன் நான். எங்கள் தெருவின் கதை மட்டுமாக இருந்தால் இதை எழுத வேண்டியதில்லை. மதுரையில் எந்தப் பகுதிச் சங்கத்தின் நோட்டைப் புரட்டினாலும் இந்த இரண்டு பக்கங்கள் அடுத்தடுத்து இருக்கும் என்றே நினைக்கிறேன். மாநகராட்சியையும் போலீஸையும் நெடுஞ்சாலைத் துறையையும் டீக்கடையில் நின்று திட்டுவதில் நாம் ஒருநாளும் குறை வைத்ததில்லை. அவர்கள் கையில் இருப்பது அவர்கள் பொறுப்பு. நம் கையில் இருந்ததை நாம் என்ன செய்தோம்?

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு நாட்டிலேயே முதலிடம் நமக்குத்தான்: 64,105. நாளைக்கு 49 உயிர்கள். ஒரு டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து வருகிறவர்கள் அளவு. நாடு முழுக்க இறந்தவர்களில் இருசக்கர வாகனத்தில் போனவர்களும் நடந்து போனவர்களும் சேர்ந்து ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. ஆடம்பரக் கார்களின் சாவு இல்லை இது. டிவிஎஸ் 50-யில் காய்கறி மூட்டையோடு வருகிறவர், பஸ்ஸை விட்டு இறங்கி எதிர்ப்பக்கம் போகிறவர், டியூஷன் முடிந்து வரும் பிள்ளை. நம் தெரு ஆட்கள்.

நடப்பதற்கென்றே கட்டப்பட்ட ஊர் நம்முடையது. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று மாதப் பெயரால் வீதிகள் ஒன்றையொன்று சூழ்ந்து விரிகின்றன. சாமி புறப்பாடும் தேரும் மனிதர்களின் நடையும்தான் அந்த வீதிகளுக்கு அளவுகோல். 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தபோது வெளி வீதிகள் பிறந்தன. அந்த வேலையில் இருந்தவர்களின் பெயரை மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இன்றைக்கும் சுமக்கின்றன. வீதிக்கு மாதத்தின் பெயரையும் மேஸ்திரியின் பெயரையும் வைத்து நினைவில் காத்த ஊர், வீதியில் செத்தவர்களைப் பதினாறாம் நாள் காரியத்தோடு மறந்துவிடுகிறது.

தெருவைக் காக்கத் தெரியாதவர்களா நாம்? சித்திரையில் அழகர் மலையை விட்டு இறங்கும் நாள்களை நினைத்துப் பாருங்கள். அழகர்கோவிலிலிருந்து வண்டியூர் வரைக்கும் சாமி நின்று போகும் மண்டகப்படிகள் நானூறுக்கும் மேல். அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் மூன்றுமாவடி எதிர்சேவைக்கு லட்சக்கணக்கில் கூட்டம். ஒவ்வொரு மண்டகப்படிக்கும் ஒரு குடும்பமோ சங்கமோ சமுதாயமோ பொறுப்பு. யார் பந்தல் போடுவது, யார் நீர்மோர் ஊற்றுவது, யார் கயிறு பிடித்துக் கூட்டத்தை ஒதுக்குவது என்பது தலைமுறைகளாகத் தெரியும். மாநகராட்சி தண்ணீரும் விளக்கும் கழிப்பிடமும் தருகிறது. போலீஸ் போக்குவரத்தை மாற்றிவிடுகிறது. மற்றதைத் தெரு பார்த்துக்கொள்கிறது. அரசும் அக்கம்பக்கமும் சேர்ந்து ஒரு சாலையைப் பொறுப்பில் எடுப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் உலகத்தில் வேறெங்கே இருக்கிறது? 2022 ஏப்ரலில் அழகர் ஆற்றில் இறங்கிய அன்று நெரிசலில் இரண்டு பேர் இறந்தபோது ஊரே பதறியது. பதற வேண்டியதுதான். வருஷம் முழுக்க அதே ரோட்டில் ஒற்றை ஒற்றையாகச் செத்தவர்களுக்கு அந்தப் பதற்றம் வரவில்லை.

நமக்கென்று ஒரு வழக்கம் இருக்கிறது. விபத்து நடக்கும். உறவினரும் தெருக்காரர்களும் மறியலில் உட்காருவார்கள். இன்ஸ்பெக்டர் வருவார், தாசில்தார் வருவார், பேச்சுவார்த்தை நடக்கும். மறுநாள் காலையில் ஜவுளிக்கடை விளம்பரம் எழுதிய இரண்டு பேரிகார்டுகள் ரோட்டில் நிற்கும். கலைந்து போவோம். மூன்று மாதத்தில் ஒரு பேரிகார்டை லாரி இடித்துச் சாய்த்திருக்கும். இன்னொன்று வேறு மறியலுக்குப் போயிருக்கும். அதைக் கேட்க யாரும் திரும்பி வருவதில்லை. கோபத்துக்கு இருந்த ஆள்பலம் கவனிப்புக்கு இல்லாமல் போனது. நாம் மறியலில் கேட்டது பேரிகார்டு, கிடைத்ததும் பேரிகார்டு. கேட்கும்போதே சின்னதாகக் கேட்டோம்.

எங்கள் மூன்று மனுக்களும் வேகத்தடையைத் தவிர வேறெதையும் கேட்கவில்லை. வேறு என்ன கேட்கலாம் என்று கற்றுக்கொள்ளாததுதான் காரணம். நடப்பவர் மீது முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி மோதினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறார்; ஐம்பதைத் தாண்டத் தாண்ட அந்த வாய்ப்பு மளமளவென்று சரிகிறது. ஆகவே வேகத்தைக் குறைப்பதுதான் உயிர்நாடி. அதற்கு வேகத்தடை ஒரு வழி மட்டுமே. பெரிய சாலைகளில் அதற்கு விதி இடம் தராத இடங்களும் உண்டு. சாலை நடுவில் நின்று மூச்சுவிட ஒரு தடுப்புத் திட்டு, நடைபாதை உயரத்துக்கே மேடாக்கிய நடைக்கடவை, திருப்பத்தின் வளைவைக் குறுக்கி வண்டியை மெதுவாகத் திரும்பச் செய்வது, கடக்கும் இடத்துக்கு நேர் மேலே விளக்கு, பஸ் நிறுத்தத்தைத் திருப்பத்திலிருந்து ஐம்பது அடி தள்ளுவது. இவற்றில் ஒன்றுகூட எங்கள் நோட்டில் இல்லை. மாறாக, மனு கிடப்பில் போனபிறகு நாங்களே ஓர் இரவில் தெருமுனையில் சிமென்டைக் கொட்டி மேடு கட்டினோம். இந்தியச் சாலைப் பேராயத்தின் விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமுமாக, வண்டி ஏறி இறங்கும் வளைவோடு இருக்க வேண்டும். முன்னால் பலகையும் வெள்ளைக்கோடும் வேண்டும். நாங்கள் கட்டியது செங்குத்தான ஒரு வரப்பு. வர்ணம்கூட அடிக்கவில்லை. ராத்திரியில் அதில் ஏறி, பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் விழுந்து தோள்பட்டை முறிந்தது. அந்தப் பெண்ணுக்கு நாங்கள் கடன்பட்டவர்கள்.

வீட்டுக்குள்ளேயும் பார்க்க வேண்டும். பதினாறு வயதுப் பையன் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு டியூஷனுக்குப் போகும்போது வாசலில் நின்று பெருமைப்பட்டவர்கள் நாம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அதற்குப் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. சட்டம் தெரியாமல் இல்லை. பிடிக்க மாட்டார்கள் என்ற தைரியம். 2015 ஜூலை 1 முதல் ஹெல்மெட் கட்டாயம் என்று உயர் நீதிமன்றம் சொன்னபோது கடை கடையாக வரிசையில் நின்று வாங்கினோம். பிறகு அதைக் கண்ணாடியில் தொங்கவிட்டோம். கோரிப்பாளையத்துக்கு முன்னால் மாட்டி, ஏவி பாலம் தாண்டியதும் கழற்றினோம். தலைக்காயத்தோடு பெரியாஸ்பத்திரி வாசலில் இறக்கப்படுகிறவர்களைப் பார்த்தும் பழக்கம் மாறவில்லை. ஹெல்மெட் போட்டவருக்குத் தலைக்காய ஆபத்து 69 சதவீதம் வரை குறைகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஒரு கொக்கியை மாட்டுகிற வேலைக்குக் கிடைக்கும் கைம்மாறு அது.

இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் மதுரையைப் பற்றிப் பேசியதாகாது. பூப்புனித நீராட்டு, காதணி விழா, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, எல்லாவற்றுக்கும் தெருமுனையில் பிளெக்ஸ் வைக்கிறோம். முனையில் வைத்தால்தான் நான்கு பக்கமும் தெரியும். பலகை நன்றாகத் தெரிகிறது. அதன் பின்னாலிருந்து வரும் குழந்தை தெரிவதில்லை. 2019 செப்டம்பர் 12 அன்று சென்னைப் பள்ளிக்கரணையில் சுபஸ்ரீ என்ற இளம்பெண் மேல் பேனர் சரிந்து, பின்னால் வந்த லாரியில் அடிபட்டு இறந்தபோது அழுதோம். சில மாதம் பலகைகள் குறைந்தன. பிறகு நம் வீட்டு விசேஷம் வந்தது. எங்கள் தெருப் பையன் இறந்ததற்கு வைத்த அஞ்சலிப் பலகையே அந்தத் திருப்பத்தை ஒரு மாதம் மறைத்துக்கொண்டு நின்றது. அதை எடுக்கச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. நடைபாதையைக் கடைக்காரர் பிடித்திருக்கிறார் என்று புகார் சொல்லும் நாமேதான் அந்தக் கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இரண்டு நிமிஷம் என்கிறோம்.

நகரத்துக்கு வெளியேயும் நம் கை இருக்கிறது. உத்தங்குடியிலிருந்து கப்பலூர் வரை ரிங் ரோட்டை மாநகராட்சி போட்டபோது அது ஊருக்கு வெளியே லாரிகள் போகும் வழி. 2011-இல் அவனியாபுரமும் ஆனையூரும் திருப்பரங்குன்றமும் மாநகராட்சியோடு சேர்ந்து 72 வார்டுகள் 100 ஆயின. ஊர் ரோட்டைத் தாண்டி வளர்ந்தது. "ரிங் ரோட்டுக்கு மிக அருகில்" என்ற விளம்பரத்தைப் பார்த்து மனை வாங்கினோம். தண்ணீர் இருக்கிறதா, பட்டா சுத்தமா என்று கேட்டோம். பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு இந்த ரோட்டை எப்படிக் கடக்கும் என்று எத்தனை பேர் கேட்டோம்? மேலூர்ப் பக்கமும் திருமங்கலத்துப் பக்கமும் நாலு வழிச்சாலை வயலையும் ஊரையும் இரண்டாகப் பிளந்துகொண்டு போனது. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களும் ஆட்டுக்கிடை போடுகிறவர்களும் தடுப்புச் சுவரை ஏறித் தாண்டுகிறார்கள். வண்டிக்காரர்கள் ராங் சைடில் வருகிறார்கள். அவர்களை நாகரிகம் தெரியாதவர்கள் என்று கார்க் கண்ணாடிக்குள் இருந்து திட்டினோம். திரும்புவதற்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் போக வேண்டிய சாலையை அவர்களா வரைந்தார்கள்? சென்னைக்கு எத்தனை மணி நேரத்தில் போகலாம் என்று பேசிப் பூரித்த நாம், அந்த நேரத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று பார்க்கவில்லை.

ஜனவரி வந்தால் சாலைப் பாதுகாப்பு வாரம். 2021-இல் அது மாதமாகவே ஆனது. பேரணி, உறுதிமொழி, துண்டறிக்கை, கோலப்போட்டி. நானும் ஒரு பேரணியில் ஹெல்மெட்டோடு போய்ப் படத்தில் நின்றிருக்கிறேன். நமக்கு நகரம் அளித்த ஆதரவு என்பது இந்த மேடையும் டீயும் பேனரும்தான் என்று குறை சொல்லலாம். ஆனால் இதற்கு மேல் ஒன்றைக் கேட்டு நாம் எந்த மேடையிலும் எழுந்து நின்றதில்லை. ஆதரவு என்றால் என்னவென்று நாம் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் பகுதியில் ஐந்து ஆண்டில் எந்தெந்த இடத்தில் யார் யார் அடிபட்டார்கள் என்ற கணக்கை எங்களுக்குக் கொடுங்கள். தமிழ்நாட்டில் விபத்துத் தகவல்களைக் கணினியில் இடம் குறித்துப் பதிகிற முறை பல ஆண்டுகளாகவே இருக்கிறது. மண்டலத்துக்கு ஒரு பொறியாளரை இதற்கென்று சொல்லுங்கள். வர்ணம், பலகை, தடுப்புக் கம்பம் இவற்றைக் கொடுங்கள். ஆள் நாங்கள் தருகிறோம். பள்ளி விடும் நேரத்தில் நின்று வழிவிடப் பயிற்சி கொடுங்கள். இப்படி ஒரு தாள் எழுத ஒரு மணி நேரம் போதும். அந்த ஒரு மணி நேரம் நமக்குக் கிடைக்கவில்லை.

கதவுகள் இல்லாமலும் இல்லை. மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு உண்டு; மாநகராட்சிச் சாலை, நெடுஞ்சாலைத் துறைச் சாலை, தேசிய நெடுஞ்சாலை என்று ஒருவர் மாற்றி ஒருவரைக் கைகாட்டும் சிக்கலை அவிழ்க்க எல்லாத் துறையும் ஒரே மேஜையில் உட்காரும் இடம் அது. சாலை வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் தவறு இருந்து உயிர் போனால், பொறுப்பானவர்களுக்கு ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019 திருத்தத்தில் 198ஏ பிரிவு இருக்கிறது. 2022 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. வார்டின் ஒவ்வொரு பகுதியும் கவுன்சிலர் முன்னால் உட்கார்ந்து தன் தேவையைப் பதிவு செய்யலாம். எங்கள் பகுதியில் கூட்டம் நடந்த அன்று நான் போகவில்லை. கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்வதற்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

போனவர்களும் இருக்கிறார்கள். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012-இல் சாலைச் சாவுகளைப் பற்றி உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். முறிந்த எலும்புகளை ஒட்டவைத்துக்கொண்டே இருந்த கைகள், முறிவது ஏன் என்று கேட்டன. அதன் தொடர்ச்சியாக நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் தலைமையில் குழு அமைந்தது. 2017 நவம்பர் 30 அன்று வந்த தீர்ப்பு மாவட்டந்தோறும் சாலைப் பாதுகாப்புக் குழு முதற்கொண்டு பல கட்டளைகளை நாடு முழுமைக்கும் இட்டது. உயர் நீதிமன்றக் கிளை 2004 முதல் நம் ஊரிலேயே இருக்கிறது. மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் பஞ்சமில்லாத ஊர். 11 படுக்கையோடு தொடங்கி உலகத்துக்கே கண்கொடுத்த அரவிந்த் கண் மருத்துவமனை பிறந்த ஊர். ஒரு காரியத்தைப் பிடித்தால் விடாத குணம் நமக்கு உண்டு. சாலையை நாம் பிடிக்கவே இல்லை.

நெதர்லாந்தில் 1971-இல் சாலைகளில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள். அவர்களில் 400-க்கும் மேல் குழந்தைகள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்று தாய் தகப்பன்மார் இயக்கம் தொடங்கினார்கள். சாலையின் குறுக்கே நீள மேஜை போட்டுக் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். விபத்து நடந்த இடங்களைக் குறித்தார்கள், தெருவை எப்படி மாற்றலாம் என்று வரைபடம் கொடுத்தார்கள். அரசு அவர்களுக்குப் பணம் கொடுத்து, தெருவை மாற்றுவதில் கூடவே வைத்துக்கொண்டது. இன்று உலகம் வியக்கும் அந்த நாட்டுச் சைக்கிள் பாதைகளுக்கு அடியில் அந்தத் தாய்மாரின் பிடிவாதம் இருக்கிறது. தெருவில் குடும்பத்தோடு உட்காருவதை அவர்கள் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நமக்கு அது மண்டகப்படியாகப் பாட்டன் காலத்திலேயே தெரியும்.

மண்டகப்படியில் ஒரு விதி உண்டு. இந்த வருஷம் வசதி இல்லை என்று விட்டுவிட முடியாது. கடன் வாங்கியாவது செய்வார்கள். ஆள் செத்தால் மகன் செய்வான். சாமி வந்து நிற்கும் இடம் வெறுமையாக இருந்துவிடக் கூடாது என்ற அச்சம். எங்கள் திருப்பத்தில் ஒவ்வொரு நாள் காலையும் பள்ளிப் பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள். அந்த இடம் இத்தனை காலம் வெறுமையாக இருந்தது.

போன மாதம் சங்கக் கூட்டம் கூட்டினோம். முதலில் மூன்று இரங்கல் தீர்மானங்களையும் எழுந்து நின்று வாசித்தேன். மாவு அக்காவின் மகள் வந்திருந்தாள். மனு கொடுக்கப்படாமல் கிடந்ததை அவள் முன்னாலேயே சொன்னோம். அவள் கோபப்படவில்லை. "இப்பவாச்சும் கொடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

சிமென்ட் வரப்பை மறுநாளே உடைத்து எடுத்தோம். தெருமுனையில் இனி எந்த வீட்டு விசேஷத்துக்கும் பலகை வைப்பதில்லை என்று எல்லா வீடும் கையெழுத்துப் போட்டோம். காலை எட்டரை முதல் ஒன்பதேகால் வரை இரண்டு பேர் திருப்பத்தில் நிற்பது என்று முறை வைத்தோம். முதல் வாரம் என் முறை. நின்றபோதுதான் தெரிந்தது, பஸ் நிறுத்தம் திருப்பத்தை ஒட்டியே இருப்பதால் பிள்ளைகள் பஸ்ஸுக்கு முன்னால் புகுந்துதான் கடக்கிறார்கள். இத்தனை வருஷம் அந்த வழியே போய்வந்தும் நான் அதைப் பார்த்ததில்லை. மனுவில் இப்போது நான்கு கோரிக்கைகள்: நிறுத்தத்தைத் தள்ளுவது, நடுவில் திட்டு, மேடாக்கிய நடைக்கடவை, விளக்கு. பகுதி சபையில் கொடுத்து ஒப்புகை வாங்கியாகிவிட்டது. மாவட்டக் குழுவுக்கு நகல் போயிருக்கிறது. ஒவ்வொரு மாதமும் முதல் வாரம் யார் போய் விசாரிப்பது என்று பெயர் போட்டிருக்கிறோம். ஆறு மாதத்துக்கு ஆறு பெயர்.

நடக்குமா என்று தெரியாது. இழுத்தடிப்பார்கள், கைகாட்டுவார்கள், அதிகாரிகள் மாறுவார்கள். எங்களுக்கும் கல்யாண வேலை வரும், சோர்வு வரும். அதற்காகத்தான் ஆறு பெயர். நோட்டில் அந்தத் தீர்மானத்தை எழுதி முடித்தபின் பழக்கத்தில் முந்தைய பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். பொங்கல் விழா வரவு செலவுக் கணக்கு இருந்தது. எங்கள் சங்கத்தின் சாலை மனுக்களில், இரங்கல் தீர்மானத்துக்கு அடுத்த பக்கத்தில் எழுதப்படாத முதல் மனு இது.